பதினேழு வரிக் கண்

என் மேசைமேல் ஒரு கல் கிடக்கிறது. பெரிய நெல்லிக்காய் அளவு, கரும்பழுப்பு நிறம். வீட்டுக்கு வருகிறவர்கள் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்து, "நத்தையா சார்?" என்று கேட்டுவிட்டுக் காகிதங்களின் மேல் பாரமாக வைத்துவிடுவார்கள். சில மாதம் நானும் அதை அப்படித்தான் வைத்திருந்தேன். அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் சில்வேனியா என்ற ஊரை ஒட்டிய கல்குவாரியில் கிடைத்தது என்று கொடுத்த நண்பர் சொல்லியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஜன்னல் வெயிலில், நகை மதிப்பிடுகிறவர்கள் கண்ணில் சொருகிக்கொள்ளும் பத்து மடங்கு லூப்பை எடுத்து அதன்மேல் பிடித்தேன். பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்த மகள் சொன்னாள்: "அப்பா, இது முறைக்குதுப்பா."

முறைக்கத்தான் செய்தது. தலையின் இடப்புறம் பிறை வடிவில் ஒரு மேடு. அதன் வெளிப்பக்கச் சரிவு முழுக்க உருண்டை உருண்டையாக மணிகள், கசகசாவைவிடக் கொஞ்சம் சிறியவை. வெயிலைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் ஒவ்வொரு மணியின் தலையிலும் ஒரு புள்ளி வெளிச்சம் ஏறிக்கொள்கிறது. 38 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அந்த மணிகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை, உதிரவில்லை, நசுங்கவில்லை. மேலிருந்து கீழாக வரிசை கட்டி நிற்கின்றன. ஒரு வரிசையில் நாலைந்து. பக்கத்து வரிசை அரை மணி அளவு தள்ளித் தொடங்குவதால் குறுக்காகப் பார்த்தாலும் சாய்வாகப் பார்த்தாலும் வரிசை வருகிறது. நம் சித்திரகவிக்காரர்கள் கட்டம் போட்டு எழுத்தை நிரப்பி, எந்தப் பக்கமிருந்து படித்தாலும் பாட்டு வரும்படி செய்வார்களே, அந்த வேலைதான்.

குண்டூசி முனையால் தொட்டுத் தொட்டு வரிசைகளை எண்ணினேன். முதல்முறை பதினாறு. முன்கோடியில், கல்லோடு கல்லாக மறைந்திருந்த ஒரு குட்டை வரிசையை விட்டிருந்தேன். இரண்டாம் முறை பதினேழு. இந்தப் பதினேழுக்கு ஒரு பெரிய கதை இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். இப்போதைக்குக் கண்.

இந்த உயிர் ட்ரைலோபைட் வகையைச் சேர்ந்தது. கடலில் வாழ்ந்த கணுக்காலி. இறாலுக்கும் நண்டுக்கும் தேளுக்கும் தூரத்து உறவு. சுமார் 52 கோடி ஆண்டுகளுக்கு முன் கல்லில் தலைகாட்டி, 25 கோடி ஆண்டுகளுக்கு முன் அற்றுப்போன கூட்டம். பெயரின் பொருள் மூன்று கூறு கொண்டது என்பது. தலை, உடல், வால் என்று மூன்று என நினைத்துக்கொள்கிறவர்கள் பலர். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கணக்கு நெடுக்குவாட்டில். நடுவில் முதுகுத்தண்டு போல ஒரு மேடு, அதன் இரு பக்கமும் இறங்கும் இரண்டு சரிவுகள், ஆக மூன்று. இருபதாயிரத்துக்கு மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. அவற்றில் என் மேசைக்கு வந்திருப்பது ஃபாகோபிட் எனப்படும் குடும்பத்து ஆள். முழுப் பெயர் எல்ட்ரெட்ஜியாப்ஸ் ரானா. ரானா என்றால் தவளை. 1832இல் ஜேக்கப் கிரீன் என்ற அமெரிக்கர் இதைப் பார்த்தபோது, முன்பக்கம் புடைத்துக்கொண்டு பரு பருவாக இருக்கும் தலையும் துருத்திய கண்களும் தவளையைத்தான் நினைவுபடுத்தியிருக்கின்றன. அந்தப் பருக்கள் விரல் நுனிக்கே தட்டுப்படுகின்றன.

அந்தக் குடும்பத்துக்கு மூலமான ஃபாகோப்ஸ் என்ற பெயரில் ஒரு சுவை இருக்கிறது. கிரேக்கத்தில் ஃபாகோஸ் என்றால் பருப்பு. மைசூர் பருப்பு என்று நாம் கடையில் வாங்குகிறோமே, அந்த ஜாதி. ஓப்ஸ் என்றால் கண். பருப்புக்கண். லென்ஸ் என்ற சொல்லும் லத்தீனில் அதே பருப்புதான். இரண்டு பக்கமும் புடைத்த கண்ணாடித் துண்டைப் பார்த்தவர்களுக்குத் தட்டில் கிடந்த பருப்பு ஞாபகம் வந்திருக்கிறது. 1839இல் ஜெர்மானியரான எம்ரிச் இந்தப் பெயரை வைத்தார். விலங்கியலில் பெயர் வைக்கிறவர்கள் பெரும்பாலும் புரவலரின் பெயரையோ ஊரின் பெயரையோ ஒட்டவைத்துவிட்டுப் போய்விடுவார்கள். இவர் கண்ணைப் பார்த்து வைத்திருக்கிறார்.

எல்லா ட்ரைலோபைட்டுக்கும் இந்தக் கண் கிடையாது. பெரும்பாலானவற்றின் கண் தேனடை மாதிரி. நூற்றுக்கணக்கில், சிலவற்றில் ஆயிரக்கணக்கில், பொடி வில்லைகள் இடைவெளியே இல்லாமல் நெருக்கியடித்து நிற்கும்; மொத்தத்துக்கும் சேர்த்து மேலே ஒரே மெல்லிய ஏடு. இன்றைய ஈயின் கண்ணும் தும்பியின் கண்ணும் ஏறக்குறைய அந்தப் பாணிதான். ஃபாகோபிட் கண் அந்தப் பாணியை விட்டு விலகுகிறது. வில்லைகள் குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் பெரிது. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவே ஓட்டின் சுவர். ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு மேலேடு. தாமரைப் பொகுட்டைப் பிடுங்கிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தட்டையான பச்சைக் குடத்தின் மேல், ஒவ்வொரு விதையும் தனக்கென்று ஒரு குழியில், பக்கத்து விதையைத் தொடாமல் உட்கார்ந்திருக்கும். அதைப் பிறை வடிவமாக வளைத்து, கடுகளவுக்குச் சுருக்கினால் இந்தக் கண்.

இது எங்கிருந்து வந்தது என்பதற்கு எடின்பரோவில் பணியாற்றிய யூவன் கிளார்க்சன் ஒரு அழகான விடை சொன்னார். தேனடைக் கண் கொண்ட ட்ரைலோபைட்டுகளின் குஞ்சுகளைப் பார்த்தால், அவற்றின் கண்ணில் வில்லைகள் சிலவே. ஒன்றுக்கொன்று விலகியே இருக்கும். வளர வளரத்தான் நெருங்கி அடையாகும். ஃபாகோபிட் அந்தக் குஞ்சுப் பருவக் கண்ணை முதுமை வரை வைத்துக்கொண்டது என்பது அவர் கருத்து. உடம்பு வளர்ந்தது, கண் குழந்தையாகவே பெரிதாயிற்று.

வில்லை என்ன சரக்கால் ஆனது என்று பார்த்தால் திகைப்பு கூடும். கால்சைட். சுண்ணாம்புக்கல்லின் அதே சரக்கு, பளிங்காக. நம் கண்ணின் வில்லை செத்த சில நாளில் மக்கிவிடும். இதனுடையது ஏற்கெனவே கல். ஆனால் கால்சைட்டில் ஒரு தொல்லை உண்டு. தெளிந்த கால்சைட் துண்டு ஒன்றை நாளிதழின் மேல் வைத்துப் பாருங்கள், எழுத்தெல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். உள்ளே புகும் ஒளியை அது இரண்டாகப் பிளந்துவிடும். 1669இல் டென்மார்க்கின் ராஸ்மஸ் பார்த்தோலின் இதைக் கண்டு எழுதினார். அப்படிப்பட்ட பொருளில் கண் செய்துகொண்டால் ஒவ்வொரு எதிரியும் இரண்டு எதிரியாகத்தானே தெரியும்?

தெரியாத ஒரு திசை இருக்கிறது. அந்தப் பளிங்கின் ஒரே ஒரு அச்சின் வழியாக மட்டும் ஒளி பிளவுபடாமல் நேராகப் போகும். ஃபாகோபிட் வில்லை ஒவ்வொன்றிலும் அந்த அச்சு, வில்லை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கமே நிற்கிறது. ஒரு வில்லையில் அமைந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். வளைந்த கண்ணில் ஒவ்வொரு வில்லையும் வேறு வேறு திசை பார்க்கிறது. எனவே ஒவ்வொரு வில்லையின் பளிங்கும் தனித்தனியாகத் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது. என் கல்லின் முன்கோடி வில்லை ஒரு திசை, பின்கோடி வில்லை அதற்கு ஏறக்குறைய எதிர்த்திசை. இடையில் உள்ளவை எல்லாம் படிப்படியாகத் திரும்பிக்கொண்டே வருகின்றன. நான் தச்சராக இருந்தால் இந்த ஒரு வேலைக்கே அந்த உயிரைக் கும்பிட்டிருப்பேன்.

1973இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த கென்னத் டோவ், இப்படிப்பட்ட கல் வில்லைகளின் ஊடாகவே ஒளியைச் செலுத்திப் பிம்பம் எடுத்துக் காட்டினார். தெளிவாகவே விழுந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகளாக யாரும் பார்க்காத ஜன்னல் வழியாக ஒருவர் எட்டிப் பார்த்திருக்கிறார்.

அதற்கு இரண்டு ஆண்டு கழித்து, கிளார்க்சனும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ரிக்கார்டோ லெவி-செட்டியும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். லெவி-செட்டி துகள் இயற்பியல் ஆராய்ச்சியாளர். ட்ரைலோபைட் சேகரிப்பது அவருடைய பித்து. இரண்டு பக்கமும் தடித்துப் புடைத்த வில்லைக்குப் பொதுவாக ஒரு குறை உண்டு. ஓரத்தில் விழும் கதிர் ஒரு இடத்திலும் நடுவில் விழும் கதிர் இன்னொரு இடத்திலும் குவியும், பிம்பம் கலங்கும். ஃபாகோபிட் வில்லையை அறுத்துப் பார்த்தபோது, அது ஒரே துண்டு இல்லை என்று தெரிந்தது. மேலே ஒரு துண்டு, அதன் அடியில் கிண்ணம் போல வேறொரு துண்டு, இரண்டுக்கும் நடுவே அலை வளைவாக ஒரு எல்லை. அந்த வளைவை லெவி-செட்டி முன்பே எங்கோ பார்த்திருந்தார். கலங்காத பிம்பத்துக்கு வில்லையை எப்படி வளைக்க வேண்டும் என்று 1637இல் டெகார்ட் வரைந்த கோட்டையும், 1690இல் ஹைகன்ஸ் தன் ஒளி நூலில் வரைந்த கோட்டையும் ஆர்டோவீசியன் எனப்படும் தொல்காலத்து இரண்டு ட்ரைலோபைட்டுகளின் வில்லைகளோடு ஒப்பிட்டுக் காட்டினார்கள். ஹைகன்ஸின் அதே நூல்தான் கால்சைட் ஏன் ஒளியைப் பிளக்கிறது என்பதற்கும் விளக்கம் சொன்னது. கால்சைட்டின் தொல்லையும் வில்லையின் தொல்லையும் ஒரே மனிதரின் ஒரே புத்தகத்தில். இரண்டுக்கும் தீர்வு ஒரே கடற்பூச்சியின் ஒரே கண்ணில்.

இதைக் கண்ணை மூடிக்கொண்டு கைதட்டிவிடக் கூடாது என்பதற்காக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டென்மார்க்கில் கிடைத்த, 5.4 கோடி ஆண்டு பழைய நீள்கால் ஈக்களின் கண்களிலும் கால்சைட் வில்லை இருப்பதை 2019இல் ஒரு குழு காட்டியது. உயிரோடிருக்கும் அந்த ஈக்களுக்குக் கல் வில்லை கிடையாது. எனவே செத்த பிறகு கல்லாகியிருக்க வேண்டும். ட்ரைலோபைட் விஷயத்திலும் அப்படியே நடந்திருக்கலாமே என்று அவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. டோவும் கிளார்க்சனும் காட்டிய ஒழுங்கு, தற்செயலாகச் சேற்றில் நடந்தது என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. ஆனால் என் மனம் வராதது ஒரு ஆதாரம் ஆகாது என்பதும் தெரியும்.

வில்லைக்கு அடியில் என்ன இருந்தது? இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த மனிதர் வருகிறார். வில்ஹெல்ம் ஸ்டூர்மர் ஜெர்மனியின் சீமென்ஸ் நிறுவனத்தில் எக்ஸ்ரே வேலையில் இருந்தவர். பூண்டென்பாக் என்ற ஊரில் கூரைப்பலகைக் கல் வெட்டுவார்கள். அந்தக் கல்லில் டெவோனியன் எனப்படும் தொல்காலத்து உயிர்களின் மென்மையான பாகங்கள்கூடப் பொன்னிறப் பைரைட்டாக மாறிப் படிந்திருக்கும். கல்லை உடைக்காமல் எக்ஸ்ரே எடுத்தால் காலும் செவுளும் கோடு கோடாகத் தெரியும். ஸ்டூர்மர் அப்படி ஃபாகோபிட்டுகளைப் படம் எடுத்தபோது, கண்ணின் அடியில் நூல் நூலாக ஏதோ இறங்குவதைக் கண்டார். ஒளியைக் கடத்தும் இழைகள் என்று 1970களில் எழுதினார். தொல்லுயிரியலாளர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. எலும்பும் பல்லும் ஓடும்தான் கல்லாகும், நரம்பு கல்லாகாது என்பது அன்றைய நம்பிக்கை. அவர் 1986இல் காலமானார்.

2021இல் ஆய்வாளர்கள் பிரிகிட்டே ஷோனெமன், கிளார்க்சன் உள்ளிட்டோர் அவருடைய பழைய எக்ஸ்ரே படங்களை எடுத்துத் திரும்பப் பார்த்தார்கள். ஒரு படத்தில், ஒரு வில்லையின் கீழ் உள்ள இடத்தைச் சுட்டி ஸ்டூர்மரே சிவப்பு மையால் ஒரு அம்புக்குறி போட்டு வைத்திருந்தார். அந்த அம்பு காட்டிய இடத்தில் அவர்கள் கண்டது, பெரிய வில்லை ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சின்னஞ்சிறு கூட்டுக்கண். தாமரைப் பொகுட்டின் ஒவ்வொரு விதைக்குள்ளும் இன்னொரு பொகுட்டு. ஸ்டூர்மர் பார்த்த நூல்கள் நரம்புகள். இழை என்று அவர் சொன்னது பிழை, அங்கே ஏதோ இருக்கிறது என்று சொன்னது சரி. அந்தச் சிவப்பு அம்பைப் போட்டபோது அவர் என்ன நினைத்துக்கொண்டிருப்பார் என்று யோசிப்பேன்.

கண்ணை விட்டு இறங்குவோம். என் கல் சுருண்டிருக்கிறது. ஈரமான தொட்டிக்கு அடியில் தொட்டவுடன் பந்தாகச் சுருளும் பூச்சி உண்டல்லவா, அதே உத்தி. தலைக்குப் பின்னால் பதினொரு கணுக்கள். ஃபாகோபிட்டுக்கு எப்போதும் பதினொன்றுதான். ஒன்றின் மேல் ஒன்று சறுக்கி, நடுமேடு விரிந்து, பக்கச் சரிவுகளின் நுனிகள் விசிறி மடிப்பாக ஒன்றின் கீழ் ஒன்று நுழைந்து, கடைசியில் வால் ஓடு வந்து தாடைக்கு அடியில் பொருந்துகிறது. பொருந்துகிறது என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். தலையோட்டின் அடிவிளிம்பில் இதற்கென்றே ஒரு பள்ளம் ஓடுகிறது. வாலின் ஓரம் அந்தப் பள்ளத்தில் இறங்கி உட்காரும். கணுக்களின் நுனிகளுக்குப் பள்ளத்தின் பக்கங்களில் தனித்தனிச் சிறு வெட்டுக்கள்கூட உண்டு. பழைய எவர்சில்வர் சம்படத்தை மூடும்போது கடைசியில் ஒரு 'டப்' கேட்குமே, அந்த மூடியின் வேலைப்பாடு. என் கல்லில் அந்தப் பள்ளத்தைப் பார்க்க முடியாது, மூடிவிட்டது. மெல்லிய கோடு ஒன்று மட்டும் சுற்றி ஓடுகிறது. நகத்தை வைத்துப் பார்த்தேன், நுழையவில்லை. உள்ளே இருந்த ஆள் எதற்கு அஞ்சிக் கதவைச் சாத்தினானோ, அப்படியே சாத்தியிருக்கிறான். சுருண்டபின்னும் இரு கண்களும் வெளியேதான் இருக்கின்றன, இடமும் வலமும் நோட்டம் பார்த்தபடி.

வகைப்பாட்டுக்காரர்களின் கதை கொஞ்சம் சலிப்பூட்டும் என்று பயப்பட வேண்டாம். அவர்களும் நயம் பாராட்டுகிறவர்கள்தான். எந்த நயத்தைப் பெரிதாக எடுப்பது என்பதில்தான் சண்டை. பெரும்பாலான ட்ரைலோபைட்டின் முகத்தில் ஒரு தையல் கோடு ஓடும். ஓடு கழற்றும் பருவத்தில் அந்தத் தையல் பிரிந்து, உள்ளே உள்ள புது உடம்பு வெளியே வரும். 1897இல் யேல் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் பீச்சர், அந்தத் தையல் எங்கே போய் முடிகிறது என்பதை வைத்தே மொத்தக் கூட்டத்தையும் மூன்றாகப் பிரித்தார். கன்னத்து மூலைக்கு முன்னால் முடிந்தால் ஒரு பிரிவு, பின்னால் முடிந்தால் இன்னொன்று, மேலே தெரியாமல் ஓரத்தோடு போய்விட்டால் மூன்றாவது. ஃபாகோபிட்டுகள் முதல் பிரிவு. எளிமையான, பார்த்தவுடன் பிடிபடுகிற பிரிப்பு. உறவே இல்லாதவற்றை ஒரே பந்தியில் உட்கார வைத்தது என்று பின்னால் வந்தவர்கள் கலைத்துவிட்டார்கள். ஓரெழுத்து ஒத்திருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் எதுகை என்று சொல்லிவிட முடியாதே.

இன்று ஃபாகோபிடா என்ற வகைப்பாட்டு வரிசையில் மூன்று கிளைகளைச் சேர்க்கிறார்கள். தாமரைக் கண்ணுக்குச் சொந்தக்காரர்கள் ஒரு கிளை. காலிமீன் கூட்டம் இன்னொன்று. இங்கிலாந்தின் டட்லி சுண்ணாம்புக் குவாரியில் ஏராளமாகக் கிடைத்து, 'டட்லி வெட்டுக்கிளி' என்று பேர் வாங்கி, அந்த ஊரின் சின்னத்திலேயே ஏறிக்கொண்டவை. மூன்றாவது கைரூரஸ் கூட்டம். அதில் டெய்ஃபான் என்றொரு பேர்வழி உண்டு, தலையின் நடுவில் கோலிக்குண்டு மாதிரி ஒரு உருண்டை, பக்கத்து விலாக்கள் எலும்புக்கூடு போலத் தனித்தனியாக நீட்டிக்கொண்டிருக்கும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். முட்டையிலிருந்து வெளிவந்த புதிதில், மில்லிமீட்டரில் ஒரு பங்கு அளவில், அவற்றின் குஞ்சு ஓடுகளைப் பார்த்தவர்கள்தான் உறவைக் கண்டார்கள். இந்தக் கண், இந்த வரிசையின் அடையாளமே இல்லை, ஒரு கிளையின் அணிகலன் மட்டும் என்பது எனக்குச் சற்று ஏமாற்றமாகவே இருந்தது.

ஃபாகோபிடா வரிசைக்கு 1864இல் பெயர் தந்தவர் ஆங்கிலேயரான ஜான் வில்லியம் சால்டர். கூர்ந்த கண்ணும் குலைந்த மனமும் கொண்டவர். 1869இல் தேம்ஸ் நதியில் விழுந்து உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் பெயர் இன்னொரு இடத்திலும் நிற்கிறது. ஃபாகோப்ஸ் குடும்பத்தில் முகத்தையல் இறுகி ஒட்டிப்போய்விட்டது, பிரியாது. எனவே ஓடு கழற்றும்போது தலை மொத்தமும் ஒரே துண்டாகக் கழன்று, குப்புறப் புரண்டு, உடல் ஓட்டுக்கு முன்னால் கிடக்கும். கல்லில் அப்படியே கிடைக்கிறது. முன்னே கவிழ்ந்த தலை, பின்னே நிமிர்ந்த உடல். இதற்குச் சால்டர் முறை என்று பெயர். அந்தக் கழற்றலில் கண்ணின் வில்லைகளும் ஓட்டோடு போய்விடும். 1980இல் ஜான் மில்லரும் கிளார்க்சனும், ஓடு மாற்றிய சற்று நேரத்தில் இறந்துபோன ஃபாகோபிட்டுகளைத் தேடிப் பிடித்து, புது வில்லை எப்படிப் படிப்படியாக உருவாகிறது என்பதை வெவ்வேறு நிலைகளில் காட்டினார்கள். அந்தத் துல்லியமான பளிங்கு வேலை வாழ்நாளில் ஒருமுறை செய்து முடித்தது இல்லை. ஒவ்வொரு சட்டைக்கும் ஒருமுறை, எல்லா வில்லையும், முதலிலிருந்து.

இப்போது பதினேழு. 1960களில் நைல்ஸ் எல்ட்ரெட்ஜ் என்ற இளைஞர் நியூயார்க்கிலிருந்து ஓஹியோ வரையும் அதற்கு அப்பாலும் குவாரி குவாரியாக அலைந்து என் மேசைக்காரனின் உறவினர்களைச் சேகரித்தார். சில பத்து லட்சம் ஆண்டுகளில் ஒரு இனம் மெல்ல மெல்ல மாறுவதைப் படிப்படியாகக் காட்ட வேண்டும் என்பது திட்டம். அளந்தார், அளந்தார், ஒன்றும் மாறவில்லை. தலை அதே தலை, வால் அதே வால். முனைவர் பட்டம் கைவிட்டுப் போகும் நிலையில், மாறியது ஒன்றே ஒன்று என்று கண்ணில் பட்டது. கண்ணிலுள்ள வரிசைகளின் எண்ணிக்கை. பழையவற்றில் பதினெட்டு, பிறகு பதினேழு, பிறகு பதினைந்து. அந்த மாற்றமும் மெல்ல நடக்கவில்லை. நெடுங்காலம் பதினெட்டு பதினெட்டாகவே நின்று, சட்டென்று பதினேழு வந்து நிலைகொண்டது. 1972இல் தொல்லுயிரியலாளர் ஸ்டீஃபன் ஜே கூல்டோடு சேர்ந்து அவர் எழுதியதுதான், இனங்கள் பெரும்பாலும் மாறாமல் நிற்கின்றன, மாறும்போது விரைவில் மாறுகின்றன என்று பரிணாமத்தைப் பற்றி எழுந்த பெரிய விவாதத்தின் தொடக்கம். ஃபாகோப்ஸ் ரானா என்றிருந்த பெயர் பின்னால் இவர் பெயரால் எல்ட்ரெட்ஜியாப்ஸ் ஆனது. அவ்வளவு பெரிய விவாதமும் ஒரு வரிசை கூடியதா குறைந்ததா என்று எண்ணியதில் பிறந்தது. நான் முதல்முறை பதினாறு என்று எண்ணியதை எல்ட்ரெட்ஜ் பார்த்திருந்தால் என் கையிலிருந்து ஊசியைப் பிடுங்கியிருப்பார்.

இந்தக் கிளையில் ஆடம்பரக்காரர்களும் உண்டு. மொராக்கோவின் தெற்கில், ஃபும் ஸ்கித் பக்கத்து மலைகளில், டெவோனியன் சுண்ணாம்புக்கல்லில் கிடைக்கும் வாலிசெராப்ஸுக்கு மூக்கின் நுனியில் நீண்ட காம்பு, அதன் முனையில் திரிசூலம். சூலம் எதற்கு என்று பல காலம் ஆளுக்கொன்று சொன்னார்கள். நான்கு முனை கொண்ட ஒரு பிறழ்ந்த ஆளைப் பார்த்துவிட்டு, தொல்லுயிரியலாளர்களான கிஷ்லிக்கும் ரிச்சர்ட் ஃபோர்ட்டியும் 2023இல் ஒரு விடை சொன்னார்கள். இரை பிடிக்க உதவும் உறுப்பாக இருந்தால் அப்படிப் பிறழ்ந்த ஆள் முழு வளர்ச்சி வரை பிழைத்திருக்க மாட்டான். எனவே இது வண்டுகளின் கொம்பு போல, பெண்ணுக்காக ஆண்கள் மோதிக்கொள்ளும் ஆயுதம். படம் எடுக்கிறவர்கள் எல்லோரும் இதைத்தான் எடுக்கிறார்கள். என்னிடம் கேட்டால், சூலத்தைவிடத் தாடைக்கு அடியிலுள்ள அந்தப் பள்ளம் உயர்ந்த வேலை. ஒன்று மேடைப் பேச்சு, மற்றது நல்ல வாக்கியம்.

அதே மலைகளில் இன்னொன்று உண்டு, அதற்கு மட்டும் என் தராசை வளைத்துக்கொள்வேன். எர்பெனோகைல். முதலில் அல்ஜீரியாவில் வால் ஓடு மட்டும் கிடைத்து, 1981இல் பெயர் பெற்றது. தலை வெளிப்பட்டபோது யாரும் எதிர்பார்க்காத ஒன்று நின்றது. கண் மேடாக இல்லை, கோபுரமாக இருந்தது. நெட்டுக்குத்தாக எழும்பிய இரண்டு கோபுரங்கள். ஒவ்வொன்றின் சுவரிலும் மக்காச்சோளக் கதிரில் மணிகள் போல வில்லைகள். ஒரு நெடுவரிசையில் பதினெட்டு வரை. கோபுரம் உயர்ந்ததால் தன் முதுகைத் தாண்டிப் பின்னாலும் பார்க்கலாம். இவ்வளவும் செய்துவிட்டு, கோபுர உச்சியில் வெளிப்பக்கமாக ஒரு இறப்பு நீண்டிருக்கிறது, திண்ணைக்கு மேல் ஓட்டுச் சாய்ப்பு இறங்குவது போல. 2003இல் ஃபோர்ட்டியும் சக ஆய்வாளர் சாட்டர்டனும் மேலிருந்து விளக்கடித்துப் படம் பிடித்துக் காட்டினார்கள். இறப்பின் நிழல் விழுந்து ஒரு வில்லையிலும் ஒளி படவில்லை. மேலே இருந்து கொட்டும் கூச்சத்தை மறைத்து, அடிவானத்தில் எது நகர்கிறது என்பதை மட்டும் பார்ப்பதற்கான ஏற்பாடு. இந்த உயிர் பகல் வெளிச்சத்தில் நடமாடியது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். இருட்டில் வாழ்கிறவன் யாரும் வெயிலுக்குக் கையைப் புருவத்தின் மேல் வைக்க மாட்டான்.

ஒரு எச்சரிக்கை. மொராக்கோ சரக்கு என்று சந்தைக்கு வருவதில் பாதி கல், மீதி ரெசின் என்ற கதையும் உண்டு. நல்லதை வெளியெடுக்க, காற்றழுத்த ஊசியும் நுண்ணிய பொடி பீய்ச்சும் கருவியுமாக நுண்ணோக்கியின் கீழ் பல பத்து மணி நேரம் உட்கார வேண்டும். போலியை அச்சில் வார்த்துவிடலாம். வாங்குகிறவர்களுக்கு ஒரே ஆலோசனை: லூப்பை எடுத்துக் கண்ணைப் பாருங்கள். வில்லை வரிசை மழுங்கியிருந்தாலோ, ஓட்டில் குமிழி வெடித்த ஊசித்துளை தெரிந்தாலோ கீழே வைத்துவிடுங்கள்.

இவ்வளவு கண்ணும் எங்கே போனது? டெவோனியன் காலத்தின் பிற்பகுதியில் கடல்கள் கெட்டன. 37 கோடி ஆண்டுகளுக்கு முன்பும், பிறகு ஏறத்தாழ 36 கோடி ஆண்டுகளுக்கு முன்பும், கடலடியில் உயிர்க்காற்று இல்லாமல் போனபோது படிந்த கருஞ்சேற்று அடுக்குகள் ஐரோப்பாவின் பாறைகளில் கோடாக ஓடுகின்றன. முதல் அடிக்கு முன்பே ஃபாகோபிட்டுகளில் ஒரு போக்கு தொடங்கியிருந்தது. சில கிளைகளில் வில்லைகள் குறைந்தன. வரிசைகள் சுருங்கின. சிலவற்றில் கண்மேடே மறைந்து வழவழப்பான கன்னமாயிற்று. வெளிச்சம் எட்டாத ஆழத்துக்கோ சேற்றுக்குள்ளோ போய்விட்டவர்களுக்குக் கண் ஒரு வீண் செலவு. இரண்டாவது அடியோடு தாமரைக் கண் அடியோடு அற்றுப்போனது. அதற்குப் பிறகு பத்துக் கோடி ஆண்டு தள்ளிய ட்ரைலோபைட்டுகள் எல்லாம் வேறு கூட்டம், பழைய தேனடைப் பாணி.

அந்தக் கண்ணில்லாதவர்களில் ஒரு பேரினம் ட்ரைமெரோகெஃபாலஸ். போலந்தின் ஸ்விண்டோகிஷ்ஸ்கி மலைகளில், கோவாலா குவாரியில் கிடைத்த அதன் ஒரு இனத்துக்கு அந்த நாட்டு இசைமேதை ஷோபானின் பெயரை வைத்திருக்கிறார்கள். அங்கே வெட்டியெடுத்த கற்பலகைகளில் அவை தனித்தனியாகக் கிடக்கவில்லை. ஒன்றன் பின் ஒன்றாக, எல்லாம் ஒரே பக்கம் தலைவைத்து, சில பலகைகளில் பத்துக்கும் மேலாக, வரிசையாக எங்கோ போய்க்கொண்டிருக்கின்றன. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கன்னங்களில் ஒரு மணியும் இல்லை. பின்னால் வருகிறவன் தலை, முன்னால் போகிறவன் வால்மேல் ஒட்டியிருக்கிறது.